வளைந்த ஃப்ரெட் போட்டும் சுருதி சேரவில்லையா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்போம்

நேர்கோடாக இருக்க வேண்டிய ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும் கிட்டாரைப் பார்த்திருப்பீர்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் திடெல் உருவாக்கிய ட்ரூ டெம்பரமென்ட் நெக் (கழுத்து) அது. விசிறி போல விரிந்து சாயும் ஃப்ரெட் இன்னொரு வகை. அதற்கு 1989-ல் ரால்ஃப் நோவாக் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். ஃப்ரெட்டைத் தொடாமல் நட்டை (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டையை) திருத்துகிற எர்வானா, பஸ் ஃபைட்டன் போன்ற ஏற்பாடுகளும் உண்டு. எதை வாங்கினாலும் முதல் வாரத்தில் வருகிற கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு செய்தும் ஏன் இன்னும் ஒட்டவில்லை?

நானும் கேட்டவன்தான். நெளிந்த ஃப்ரெட் நெக் ஒன்றை ஆசையாக மாட்டிவிட்டு ஐந்து நாள் திட்டிக்கொண்டிருந்தேன். விற்றவருக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதி, அனுப்பும் முன் நிறுத்தினேன். தப்பு என் பக்கம். அந்தக் கதை கீழே வருகிறது.

ஸ்க்ரூ டிரைவரை இப்போதைக்குக் கீழே வையுங்கள். சுருதி விலகுகிறது என்பது மட்டும் போதாது. கழுத்தில் எந்த இடத்தில், எந்தக் கம்பியில், எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

புதுக் கம்பி போட்டு, நன்றாக இழுத்துவிட்டு, நிலைத்த பிறகு தொடங்குங்கள். பழைய கம்பியை வைத்துச் செய்கிற எந்தச் சோதனையும் வீண். ஒரு செண்ட் (சுருதியை அளக்கும் நுண்ணிய அலகு) வித்தியாசத்தையாவது தெளிவாகக் காட்டும் ட்யூனர் வேண்டும், ஸ்ட்ரோப் வகை என்றால் நல்லது. ஒரு ஃப்ரெட்டுக்கு 100 செண்ட், ஒரு ஆக்டேவுக்கு 1200 செண்ட் என்பது கணக்கு.

கிட்டாரை மேசையில் மல்லாத்திப் போட்டு அளக்காதீர்கள். வாசிக்கிற நிலையில் மடியில் வையுங்கள், ஏனென்றால் நெக்கின் எடை விழுகிற விதம் மாறினாலே இரண்டு மூன்று செண்ட் போய்விடும். வாசிக்கும்போது எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவே அழுத்துங்கள்.

ஒவ்வொரு கம்பியையும் திறந்த நிலையில் சுருதி சேர்த்துவிட்டு 1, 2, 3, 5, 7, 9, 12, 15, 19 ஆகிய ஃப்ரெட்டுகளில் ட்யூனர் காட்டும் ஏற்றஇறக்கத்தை எழுதுங்கள். என்னுடைய நேர் ஃப்ரெட் கிட்டார் ஒன்றின் மூன்றாம் கம்பி இப்படி இருந்தது: 1-ல் +9, 2-ல் +7, 3-ல் +5, 5-ல் +3, 7-ல் +2, 12-ல் +1.

எண்களை விட அவை போகிற போக்கு முக்கியம். இது மேலிருந்து கீழே சரிகிற கோடு, அதாவது நட் உயரமாக இருக்கிறது. கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போனால் சேடில் (உடல் பக்கம், பிரிட்ஜ் கட்டையில் கம்பி உட்காரும் முனை) இடம் தப்பு. எல்லா ஃப்ரெட்டிலும் ஒரே அளவு ஏறியிருந்தால் நட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. 5-க்கும் 9-க்கும் நடுவே மட்டும் திமில் தட்டினால் நெக் அதிகமாகக் குழிந்திருக்கிறது, ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பியை) பாருங்கள். ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அந்த ஃப்ரெட்தான் குற்றவாளி.

அறிகுறி: புது வளைந்த ஃப்ரெட் நெக், எந்தக் கார்டும் (கூட்டு ஸ்வரமும்) சேரவில்லை

என் ஐந்து நாள் கதை இதுதான். ஆறு கம்பியையும் ட்யூனரில் சரியாகப் பூஜ்யத்தில் நிறுத்தினேன். வேறு எப்படிச் செய்வார்கள்? ஆனால் இந்த நெக்குகளில் பலவற்றுக்கு எல்லாத் திறந்த கம்பியும் பூஜ்யத்தில் நிற்கக் கூடாது. பல கம்பிகள் சில செண்ட் ஏறியோ இறங்கியோ நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் நெளிவுகளை வெட்டியிருக்கிறார்கள். நெக்கோடு வரும் அட்டவணையில் அது இருக்கும். நான் அதைப் பெட்டியோடு சேர்த்து எடுத்துவைத்துவிட்டேன்.

அட்டவணைப்படி சேர்த்த முதல் நிமிடத்தில் பாதிப் பிரச்சினை காணாமல் போனது. சில ஸ்ட்ரோப் ட்யூனர்களில் இந்த மாதிரி அட்டவணைகள் முன்பே பதிந்திருக்கும், இல்லாவிட்டால் நீங்களே பதிந்துகொள்ளலாம். கிளிப் ட்யூனரின் பச்சை விளக்கை நம்பி இந்த நெக்கை வாசிக்க முடியாது. விளக்கு எரிகிற எல்லையே பலவற்றில் இரண்டு மூன்று செண்ட் அகலம், நெக் செய்கிற திருத்தமும் அதே அளவுதான்.

மீதிப் பாதி சேடிலில் இருந்தது. பழைய நெக்குக்கு வைத்திருந்த சேடில் நிலையை அப்படியே விட்டிருந்தேன். நெளிந்த நெக்கில் 12-ம் ஃப்ரெட் ஆறு கம்பிக்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. ஆகவே அளவுநாடாவை ஒரு கம்பிக்குப் பிடித்து மற்றதற்கும் அதுவே என்று முடிவு கட்டக் கூடாது. 12-ல் ட்யூனர் பூஜ்யம் காட்ட வேண்டும் என்ற பழக்கத்தையும் விடுங்கள். தயாரிப்பாளர் சொல்கிற அளவு +1 என்றால் +1-தான்.

அறிகுறி: முதல் மூன்று ஃப்ரெட் சேரவில்லை, மேலே போனால் சரியாகிவிடுகிறது

இதற்கு நெக்கைக் குறை சொல்வது அநியாயம். நான் பார்த்த கிட்டார்களில் பெரும்பாலான சுருதிக் கோளாறு நட்டில்தான் இருக்கிறது. நட்டின் பள்ளம் ஆழம் போதாமல் கம்பி உயரத்தில் நின்றால், முதல் ஃப்ரெட்டில் அழுத்த அதைக் கீழே வளைத்து இழுக்க வேண்டியிருக்கிறது. இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. விலை உயர்ந்த நெளிந்த ஃப்ரெட்டையும் இந்த உயரம் தோற்கடித்துவிடும்.

சோதனை எளிது. முதல் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போட்டு, மறுபடி சுருதி சேர்த்து, அதே கார்டை ஒரு ஃப்ரெட் மேலே பிடியுங்கள். இப்போது இனித்தால் நட்தான் காரணம், காப்போ நட்டை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. இன்னொரு வழி: கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சாதாரணத் தாள் ஒன்று சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன். அது இறுகலாக நுழைந்தால் போதும், இரண்டு தாள் தாராளமாகப் போய் வந்தால் பள்ளத்தை அராவ வேண்டும்.

அராவும்போது பொறுமை. இரண்டு இழுப்பு, கம்பியை வைத்துப் பார், மறுபடி இரண்டு இழுப்பு. பள்ளத்தின் மிக உயரமான இடம் ஃப்ரெட் பக்க விளிம்பாக இருக்க வேண்டும், ட்யூனர் குமிழ் பக்கம் சரிய வேண்டும். தலைகீழாக அராவினால் கம்பி நட்டின் பின்பக்கம் தொடும், நீளம் கூடிவிடும், கூடவே சிதார் போல இரையும். ஆழமாகப் போய்விட்டால் பேக்கிங் சோடாவைத் தூவி ஒரு துளி சூப்பர் க்ளூ விட்டு நிரப்பி மறுபடி அராவலாம். அசிங்கமான வைத்தியம், ஆனால் நிற்கும்.

உயரம் சரியாக இருந்தும் எல்லா ஃப்ரெட்டிலும் ஒரே அளவு ஏறியே நிற்கிறதா? அப்போதுதான் திருத்திய நட்டுக்கு வேலை. 648 மில்லிமீட்டர் ஸ்கேலில் (நட்டிலிருந்து சேடில் வரையான கம்பி நீளம்) நட்டின் விளிம்பை 1 மில்லிமீட்டர் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தித் திறந்த கம்பியை மறுபடி சுருதி சேர்த்தால், அழுத்திப் பிடிக்கிற எல்லா ஸ்வரமும் சுமார் 2.7 செண்ட் இறங்கும். எல்லா ஃப்ரெட்டிலும் ஒரே அளவு. சேடிலால் இதைச் செய்யவே முடியாது.

அறிகுறி: 12-ல் கச்சிதம், 1-ல் ஏற்றம், 20-ல் இறக்கம்

சேடிலுக்கு இப்போது கணக்குப் பார்க்கலாம். அதே ஸ்கேலில் சேடிலை 1 மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் திறந்த கம்பியைச் சேர்த்தால், 12-ம் ஃப்ரெட் 2.7 செண்ட் இறங்கும். முதல் ஃப்ரெட் எவ்வளவு இறங்கும்? 0.2 கூட இல்லை. 20-ம் ஃப்ரெட்டோ கிட்டத்தட்ட 6 செண்ட் இறங்கும். சேடில் கழுத்தின் மேல்பாதிக்கான கருவி. நட் கழுத்து முழுவதையும் ஒரே சீராக நகர்த்துகிற கருவி.

நட் பிழையைச் சேடிலால் மறைத்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். 12 மட்டும் பூஜ்யமாகும், கீழே ஏற்றம் அப்படியே நிற்கும், மேலே புதிதாக இறக்கம் வரும். கடையில் செட்அப் செய்து வந்த கிட்டாரில் இந்த அறிகுறியைத்தான் அடிக்கடி பார்க்கிறேன், ஏனென்றால் 12-ம் ஃப்ரெட்டைத் தாண்டி யாரும் சோதிப்பதில்லை. நட்டைச் சரிசெய்துவிட்டுச் சேடிலைப் புதிதாக வையுங்கள். வரிசை மாறக் கூடாது.

சேடிலை முழுதாகப் பின்னுக்குத் தள்ளியும் ஏற்றம் போகவில்லை என்றால், மாற்றிய நெக்கும் உடலும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று சந்தேகப்படுங்கள். முதல் கம்பிக்கு நட்டிலிருந்து 12-ம் ஃப்ரெட் வரையும், 12-லிருந்து சேடில் வரையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டாவது ஓரிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருந்தால் எந்த ஃப்ரெட் வடிவமும் காப்பாற்றாது.

அறிகுறி: ஒரு கார்ட் இனிக்கிறது, அடுத்தது உரசுகிறது

ஈ மேஜர் இனிக்கும்படி மூன்றாம் கம்பியைக் கொஞ்சம் இறக்குகிறீர்கள். உடனே ஜி மேஜர் சோர்ந்துபோகிறது. ஏற்றினால் ஈ உரசுகிறது. இப்படி அரை மணி நேரம் குமிழைத் திருகாத கிட்டார்காரர் இல்லை. இது கோளாறு அல்ல. நேர் ஃப்ரெட் அப்படித்தான் வேலை செய்கிறது.

ஏ மேஜர் கார்டைப் பிடித்து மூன்றாம் கம்பியையும் இரண்டாம் கம்பியையும் மட்டும் மெல்லச் சேர்த்து மீட்டுங்கள். 220 ஹெர்ட்ஸ் ஏ, 277.18 ஹெர்ட்ஸ் சி ஷார்ப். தூய 5:4 விகிதத்தில் அந்த சி ஷார்ப் 275-ல் இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தால் வினாடிக்கு ஒன்பது முறை போல ஒரு விம்மல் அடிக்கும். காதைக் கிட்டே கொண்டுபோனால் நடுக்கமாகவே கேட்கும். இப்போது திறந்த ஐந்தாம் கம்பியையும் நான்காம் கம்பி இரண்டாம் ஃப்ரெட்டையும் சேர்த்து மீட்டுங்கள், ஸ ப ஜோடி. அங்கே விம்மல் சுமார் 2.7 வினாடிக்கு ஒன்றுதான், இருப்பதே தெரியாது. ஆக்டேவைப் பன்னிரண்டு சம துண்டாக வெட்டினால் பஞ்சமம் 2 செண்ட்தான் பிசகும், காந்தாரம் (இங்கே அந்த சி ஷார்ப்) 14 செண்ட் ஏறிவிடும். தம்புராவின் மந்தரக் கம்பியில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த 14 செண்ட் இன்னும் கூடுதலாக உறுத்தும்.

சரி, அந்த சி ஷார்ப்பைத் தூயதாக்க ஃப்ரெட்டை நகர்த்தலாமே? 648 ஸ்கேலில் இரண்டாம் ஃப்ரெட்டை அந்த ஒரு கம்பிக்கு மட்டும் நான்கரை மில்லிமீட்டர் நட் பக்கம் தள்ள வேண்டும். ஏ மேஜர் அமிர்தமாக இருக்கும். ஆனால் அதே சி ஷார்ப் எஃப் ஷார்ப் கார்டில் பஞ்சமமாக நிற்கும்போது தூய பஞ்சமத்துக்கு 16 செண்ட் குறையும். அதைக் கேட்டால் கிட்டாரை வைத்துவிட்டு எழுந்துவிடுவீர்கள்.

ஆகவே தூய இடைவெளி நெக் எல்லாம் ஏதாவது ஒரு வழியில் ஃப்ரெட்டை மாற்றிக்கொள்ளும்படி இருக்கும். தாமஸ் பெரோனெட் தாம்சன் 1829-லேயே துளைகளில் செருகி மாற்றும் ஃப்ரெட்டோடு ஒரு கிட்டாரை வடிவமைத்தார். ஜெர்மனியில் வால்டர் ஃபோக்ட் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக நகரும் ஃப்ரெட் துண்டு வைத்த பலகையைச் செய்தார். துருக்கியைச் சேர்ந்த டோல்கஹான் சோவுலு 2008-ல் வடிவமைத்த மைக்ரோடோனல் கிட்டாரிலும் ஃப்ரெட் துண்டுகள் தடங்களில் சறுக்கும். வீணையில் மெழுகின் மேல் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டுகிறவர் கேட்டால், இதற்கு இத்தனை பாடா என்பார்.

நெளிந்த ஃப்ரெட் இதைச் செய்வதில்லை, இதுதான் பலரும் ஏமாறும் இடம். அது பன்னிரண்டு ஸ்வரத்தையும் எல்லா கீயிலும் (ஆதார ஸ்வரம் எதுவானாலும்) வாசிக்கத்தக்கபடி ஒவ்வொரு கம்பியிலும் அதன் இடத்தில் உட்கார வைக்கிறது. அழுத்துவதால் வரும் ஏற்றத்தைக் கழிக்கிறது. வகையைப் பொறுத்து, அடிக்கடி வருகிற கீகளுக்குச் சிறு சலுகை தருகிறது. காந்தாரம் முழுதாகத் தூயதாகாது. அதை எதிர்பார்த்து வாங்கியிருந்தால் எந்தத் திருகாணியிலும் பதில் இல்லை.

நேர் நெக்கில் என் சமரசம்: ஈ மேஜரை வைத்துக் காதால் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். ட்யூனரில் சேர்த்து, வாசிக்கப் போகிற பாட்டின் மிக முக்கியமான கார்டுக்காக மூன்றாம் கம்பியை மட்டும் இரண்டு மூன்று செண்ட் இறக்குங்கள். அதற்கு மேல் பேராசை.

அறிகுறி: விசிறி ஃப்ரெட்டிலும் கார்ட் உரசுகிறது

உரசத்தான் செய்யும். விசிறி ஃப்ரெட் தடித்த கம்பிக்கு நீண்ட ஸ்கேலும் மெல்லிய கம்பிக்குக் குறுகிய ஸ்கேலும் தருகிற ஏற்பாடு, பல நூற்றாண்டுக்கு முந்தைய ஆர்ஃபாரியன் என்ற கம்பி வாத்தியத்திலேயே சாய்ந்த ஃப்ரெட் உண்டு. தடித்த கம்பி தொய்யாமல் விறைப்பாக நிற்பதால் அழுத்தும்போது ஏறுவது குறையும். மற்றபடி ஒவ்வொரு கம்பியும் அதே பன்னிரண்டு சம துண்டுதான், 14 செண்ட் அப்படியே இருக்கிறது.

இங்கே தனியாக வருகிற கோளாறு காப்போ. நேர்க் காப்போவைச் சாய்ந்த ஃப்ரெட்டின் மேல் போட்டால் ஒரு ஓரம் ஃப்ரெட்டை ஒட்டியும் மறு ஓரம் தள்ளியும் நிற்கும், தள்ளி நிற்கிற கம்பி ஏறும். சாய்த்துப் போடுங்கள், சாய்க்க முடியாத காப்போ என்றால் வேறு வாங்குங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் ஏறியிருக்கிறது

ஃப்ரெட்டின் முதுகு தேய்ந்து தட்டையாகியிருக்கும். உருண்டையாக இருந்தபோது கம்பி நடு முதுகில் தொட்டது, இப்போது பிரிட்ஜ் பக்க விளிம்பில் தொடுகிறது. தட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அகலம் என்றால் தொடும் இடம் 0.75 மில்லிமீட்டர் முன்னே வந்துவிட்டது. 12-ம் ஃப்ரெட்டில் அது 4 செண்ட். விளக்கு வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நல்ல ஃப்ரெட்டின் முதுகில் மெல்லிய ஒரு கோடு மின்னும், தேய்ந்ததில் பட்டையாக மின்னும்.

நேர் ஃப்ரெட்டோ விசிறி ஃப்ரெட்டோ என்றால் வழக்கமான க்ரவுன் அரத்தால் உருட்டிவிடலாம். நெளிந்த ஃப்ரெட்டில் அந்த அரம் தடம் பிடிக்காது. முன்பே செய்து பழகியவரிடம் கொடுங்கள், வீட்டில் தொடாதீர்கள்.

அறிகுறி: கம்பி கேஜ் (தடிமன்) மாற்றியதும் எல்லாம் கலைந்தது

நெளிவின் அளவு ஒரு குறிப்பிட்ட கேஜுக்கும் ஒரு குறிப்பிட்ட ட்யூனிங்குக்கும் போட்ட கணக்கு. மூன்றாம் கம்பி சாதாவாக இருந்த இடத்தில் சுற்றுக் கம்பி போட்டால் அது கண்டிப்பாகத் தப்பும். சுற்றுக் கம்பியில் இழுவிசையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய மையம் மட்டும்தான், அதனால் அது அழுத்தும்போது சாதாக் கம்பி அளவுக்கு ஏறுவதில்லை. ஒன்றிரண்டு எண் மெல்லிசாகவோ தடிப்பாகவோ போனால் சேடிலால் சமாளிக்கலாம். டிராப் ட்யூனிங்கும் (கம்பியை வழக்கத்தைவிட இறக்கிச் சேர்ப்பது) அதுபோலத்தான், தொய்ந்த கம்பி அழுத்தினால் கூடுதலாக ஏறும். அடிக்கடி ட்யூனிங் மாற்றுகிறவர் நெளிந்த நெக் வாங்காமலிருப்பதே நல்லது என்பது என் கட்சி.

அறிகுறி: ட்யூனரில் எல்லாம் சரி, வாசித்தால் மட்டும் தப்பு

கையைப் பாருங்கள். உயரமான ஜம்போ ஃப்ரெட்டிலும் குழி வெட்டிய ஸ்காலப் நெக்கிலும் விரல் மரத்தைத் தொடாது. பயந்தவன் போல அழுத்தினால் மெல்லிய கம்பி 10, 15 செண்ட் சுலபமாக ஏறும். ட்யூனரைப் பார்த்துக்கொண்டே ஒரு ஸ்வரத்தை இரைச்சல் வராத அளவுக்கு மெல்லப் பிடித்து, பிறகு வழக்கமாகப் பிடிப்பது போல் பிடியுங்கள். முள் எவ்வளவு தாவுகிறது என்று கண்ணால் பார்த்தால் அடுத்த நாளே கை இளகும்.

தடித்த கம்பி மட்டும் இரட்டைக் குரலில் தள்ளாடினால் பிக்அப் காந்தம் இழுக்கிறது. பிக்அப்பைக் கீழே இறக்குங்கள், அவ்வளவுதான்.

நெளிந்த ஃப்ரெட்டில் பெண்ட் செய்தால் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால்) சுருதி கோணலாகப் போகுமோ என்று கேட்கிறார்கள். கம்பி நெளிவின் மேல் வழுக்கும்போது தொடும் இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நான்கைந்து செண்ட்தான். நீங்கள் தள்ளுவது 200 செண்ட், அதைக் காது பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி: தனியாக வாசித்தால் இனிக்கிறது, கூட்டத்தில் ஒட்டவில்லை

கீபோர்டு பன்னிரண்டு சம துண்டில் வாசிக்கிறது. பக்கத்தில் நேர் நெக் கிட்டார் ஒன்று. உங்கள் நெக் சலுகை தருகிற வகை என்றால் சில ஸ்வரங்களில் மூன்று நான்கு செண்ட் தள்ளி நிற்கும். பாட்டு ஓடும்போது இது பெரும்பாலும் கேட்காது. இருவரும் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிற இடத்தில் மட்டும் விம்மும். அட்டவணையில் எந்தக் கம்பிக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறதோ அதைக் கீபோர்டோடு சேர்த்துக்கொண்டு, மற்ற கம்பிகளை அட்டவணைப்படி வையுங்கள். நீட்டிப் பிடிக்கிற ஸ்வரத்தை முடிந்தவரை அந்தக் கம்பியில் வாசியுங்கள். ஒலிப்பதிவில் அதே பகுதியை இரண்டு கிட்டாரில் இரட்டிப்பதாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே நெக்கைப் பயன்படுத்துங்கள். எது என்பது பிரச்சினையில்லை.